ஒடிந்த பட்டையைப் பாருங்கள்

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டி, முள்ளக்காட்டுக்கு முன்னால், ஒருநாள் காலையில் உப்பு லாரி ஒன்று இடதுபக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டதால் இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கின. காரிலிருந்து இறங்கி வந்த ஒருவர், யாரிடம் பேசுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் சொன்னார்: “இந்தக் கிழட்டு லாரியை எல்லாம் எடைக்குப் போட்டாத்தான் ரோடு உருப்படும்.” பால்காரர், பள்ளி வேன் டிரைவர், சும்மா நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, யு போல்ட்டைக் கழற்றி, ஒடிந்த ஸ்பிரிங் பட்டையை உருவினார். ஒடிந்த வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முக்கால் பாகம் செம்பழுப்பு. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் வெள்ளி மாதிரி மினுங்கியது. “பாத்தியளா அண்ணாச்சி? செவப்பா இருக்கது எப்பமோ ஒடிஞ்சது. இந்த வெள்ளை மட்டுந்தான் இன்னைக்கு ஒடிஞ்சிருக்கு.” வண்டிக்கு என்ன வயது என்று டிரைவரிடம் கேட்டேன். ஏழு வருஷம் என்றார்.

எடைக்குப் போடச் சொன்னவர் அதற்குள் ஓரமாக வழி கிடைத்துப் போய்விட்டிருந்தார்.

டீக்கடையிலிருந்து டெல்லி வரைக்கும் இன்று ஒரே பேச்சுதான். பழைய லாரி என்றால் வழியில் நிற்கும், பிரேக் பிடிக்காது, புகை கக்கும். ரோட்டோரப் பட்டறைக்காரன் கம்பி கட்டி, கட்டை வைத்து அதை ஓட்டிவிடுவான். பதினைந்து வயதானதும் உடைத்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினால் தொல்லை தீர்ந்தது. இதில் புகையை நான் ஒப்புக்கொள்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். மிச்சமெல்லாம் வண்டிக்கு அடியில் ஒருமுறைகூடப் படுத்துப் பார்க்காதவர்கள் சொல்வது. நான் நடுநிலையாளன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவிடம் ஒரு டாடா 1210 இருந்தது. என் பள்ளிக்கூடச் சம்பளம் அந்த வண்டி வாடகையில்தான் போனது.

சட்டமே அப்படிச் சொல்கிறது என்பார்கள். சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கிவைத்த வாகன அழிப்புக் கொள்கையில், தனியார் லாரிக்கு 15 வயதானால் உடைத்தே ஆகவேண்டும் என்று எங்கும் கிடையாது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையில் தேறாத வண்டிதான் பதிவை இழக்கும். 15 வயதோடு கணக்கு முடிப்பது அரசாங்கத்தின் சொந்த வண்டிகளுக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றின் பதிவு ரத்தாகிறது. அரசு தன் ஜீப்புகளுக்கு வைத்துக்கொண்ட விதியை ஊர் எடுத்து எல்லா லாரியின் தலையிலும் கட்டிவிட்டது.

வயது வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 88ஆம் விதி: 12 வயது தாண்டிய லாரிக்கு நேஷனல் பெர்மிட் இல்லை, பல ஆக்ஸில் வண்டியாக இருந்தால் 15 வரை உண்டு. அதாவது நாக்பூர், டெல்லி என்று ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஆக்ஸில் லாரி பன்னிரண்டாவது வயதில் மாநிலத்துக்குள் அடைபடுகிறது. அடைபட்ட வண்டி எங்கே போகும்? நல்ல வாடகை உள்ள தூர லோடு போய்விட்டது. இருப்பது லோக்கல். எங்கள் தூத்துக்குடியில் லோக்கல் என்றால் துறைமுகத்திலிருந்து குடோன், குடோனிலிருந்து மீளவிட்டான், உப்பளத்திலிருந்து பாக்கெட் போடும் ஆலை. நிலக்கரி, உரம், மரத்தடி, எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. இரும்பை இந்தியாவில் எங்கே வைத்தால் சீக்கிரம் கெடும் என்று தேடிப் பிடித்து வைத்ததுபோல, பாதி வாழ்க்கை முடிந்த லாரியைச் சட்டமே கொண்டுவந்து உப்பளத்து வரப்பில் நிறுத்துகிறது. அப்புறம் அது துருப்பிடித்ததும், பாருங்கள் வயதாகிவிட்டது என்கிறோம்.

உப்பு இரும்பை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று கடலோரம் முழுக்க அளங்கள். சாக்கு மூட்டையோ, கொட்டி ஏற்றிய லூஸ் லோடோ, பாடிப் பலகை இடுக்கு வழியே உப்புத்தண்ணீர் ஒழுகிக்கொண்டேதான் போகும். அது விழுவது சேசிஸ் மேல், குறுக்குக் கட்டை மேல், ஏர் டேங்க் மேல், பிரேக் பைப் மேல். பகல் வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் படியும். பார்த்தால் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். கடலோரத்தில் பல ராத்திரி அதைத் தாண்டும். ஆக, பகலில் தூள், இரவில் கரைசல். மழை இல்லாத நாளிலும் லாரியின் அடிவயிறு இரவில் நனைகிறது.

ஸ்பிரிங் கட்டில் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இந்தக் கரைசல் இறங்கினால் வெளியே வராது. அங்கே கிராபைட் கிரீஸ் இருக்க வேண்டும். எத்தனை வண்டியில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இரும்பின் மேல் ஊசி குத்தினமாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழி ஒன்றில் மயிரிழை விரிசல் தொடங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை வளைந்து நிமிர, விரிசல் ஒரு நூல் முன்னேறும். விரிசலுக்குள் உப்பு போய் உட்காரும். மாதக்கணக்கில் இது நடந்து, கடைசியில் ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கும்போது பட்டென்று ஒடியும். மெக்கானிக் காட்டிய சிவப்பும் வெள்ளையும் அந்தக் கதைதான். நடுவில் ஒருநாள், ஒரே ஒருநாள், யாராவது வண்டியைத் தூக்கிப் பட்டைகளைப் பிரித்துக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சேசிஸில் இன்னொரு விதம். இரண்டு தகடு சேர்த்து ரிவிட் அடித்த இடத்தில் துரு புகுந்தால், தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே வீங்கும். ரிவிட் தலையே தெறிக்கும். மர ஆப்பை நனைத்துப் பாறையைப் பிளப்பார்களே, அந்த வேலையை இங்கே துரு செய்கிறது. 

எலக்ட்ரிக்கலில் உப்பு செய்யும் விளையாட்டு வேறு மாதிரி. ஆள் தெரியாமல் அடிக்கும். பழைய லாரியில் சேசிஸ்தான் பாதி வயர். கரண்ட் திரும்பி வருவது அதன் வழியே. எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிட்டால் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும். ஓனர் செல்ஃபைக் கழற்றிச் சர்வீஸ் பண்ணுவார். சரியாகாது. இரண்டு பேட்டரி புதுசு வாங்குவார். நாலு நாள் ஓடும். பிறகு பழைய கதை. வண்டிக்கு வயசாயிட்டு என்று முடிவு கட்டுவார். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தடித்த வயரை நேரே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். உப்புத்தாள் போட்டு எர்த்தைச் சுரண்டுவதற்கு ஒரு டீச் செலவு. இந்த ஊரில் எத்தனை லாரி எர்த் போல்ட்டுக்காக எடைக்குப் போயிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

சரி, உப்பு ஏற்றாத வண்டிகள்? துறைமுக வேலை பார்க்கும் லாரிகளுக்கு வேறு நோய். வரிசை. கேட்டுக்கு முன்னால், எடைமேடைக்கு முன்னால், குடோன் வாசலில், அங்குலம் அங்குலமாக நகர்தல். முழு லோடோடு பாதி கிளட்ச் மிதித்து நகர்த்தி நகர்த்தி, கிளட்ச் பிளேட் கருகுகிறது. ரிலீஸ் பேரிங் கீச்சிடுகிறது. எஞ்சினோ மணிக்கணக்கில் சும்மா ஓடுகிறது. சூடேறாமல் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்தால் ரிங்கும் லைனரும் தேயும். மீட்டரைப் பார்த்தால் கிலோமீட்டர் கொஞ்சம். எஞ்சினைத் திறந்தால் ரெண்டு லட்சம் ஓடின தேய்மானம். ஆர்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி இருக்கிறது. நின்ற மணிக்கணக்கு எதிலும் இல்லை.

இதே ஊரில், இதே உப்பில், இதே ஜாதி எஞ்சின் ஒழுங்காக ஓடும் இடம் ஒன்று இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகளில் பலவற்றில் இருப்பது லேலண்ட் எஞ்சின், லாரி எஞ்சினுக்குக் கூடப்பிறந்தது. கடலிலேயே கிடக்கிறது. லாரியைவிட மோசமாகத்தானே கெட வேண்டும்? அதற்கு ஒரு பாக்கியம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று போட்ட தடைதான். ஆனால் அந்த 61 நாளும் படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்து ரிங், பேரிங் பார்க்கிறார்கள், நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணுகிறார்கள். யாரும் பத்து வருஷப் படகை உடைத்துப் போடு என்று சொல்வதில்லை. பலகை கெட்டால் பலகை. எஞ்சின் கெட்டால் எஞ்சின். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன தூத்துக்குடித் தோணிகளை அப்படித்தான் தலைமுறை தாண்டி வைத்திருந்தார்கள்.

லாரிக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. மழைக்காலத்தில் உப்பு விளையாது என்றாலும் அம்பாரம் போட்டு மூடிவைத்த உப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். விலை ஏறும் நேரமாதலால் லோடு இன்னும் அவசரம். வண்டி நிற்பது ஆண்டுக்கு ஒருமுறை, எஃப்.சி.க்கு முன்னால் நாலைந்து நாள். அந்த நாலு நாளில் என்ன நடக்கிறது? டிங்கரிங், பெயிண்டிங், ஒளிரும் பட்டை ஒட்டுதல், நம்பர் எழுதுதல். ‘எஃப்.சி. வேலை’ என்று பட்டறையில் சொன்னாலே பெயிண்ட் டப்பாவைத்தான் எடுப்பார்கள். துருவின் மேலேயே பச்சை பெயிண்ட். வண்டி மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். டிரம்முக்குள்ளே என்ன இருக்கிறது என்பது டிரம்முக்கே வெளிச்சம்.

இனி பிரேக். பழைய லாரியை எதிர்ப்பவர்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். விபத்துச் செய்தியில் ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று வந்ததும், படத்தில் லாரி கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டால், தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

லாரியை நிறுத்துவது எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிரேக் லைனிங், பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம், ஏர் ஹோஸ், ஸ்லாக் அட்ஜஸ்டர், டயர். பதினெட்டு வயது லாரியில் இவற்றில் எதற்கும் பதினெட்டு வயது கிடையாது. லைனிங்குக்கு ஆறு மாதம் இருக்கலாம், டயருக்கு ஒரு வருஷம். அதேபோல மூன்று வயது லாரியின் லைனிங் ரிவிட் தலை தெரியும்வரை தேய்ந்திருக்கலாம். அது டிரம்மைப் பிராண்டிக்கொண்டு போகும் சத்தத்தை டிரைவர் பாட்டுப் போட்டு மறைத்திருக்கலாம். நிறுத்தும் பாகமெல்லாம் மாற்றுவதற்கென்றே செய்தவை. மாற்றினார்களா என்று பார்க்காமல் வண்டியின் பிறந்தநாளைப் பார்ப்பது, ஆளின் செருப்பு தேய்ந்திருப்பதைப் பார்த்து அவன் வயதைச் சொல்வதுபோல.

பட்டறையில் நான் பார்த்த பிரேக் கோளாறுகளில் பெரும்பாலானவை நாலே வகைதான். ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒரு சக்கரத்தில் இறுக்கம், மறு சக்கரத்தில் தளர்வு. மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கேம் புஷ் துருவில் பிடித்துக்கொள்வது. மிதித்த பிரேக் விடாது, அல்லது மிதித்தாலும் விரியாது. இரும்பு பைப்பில் உப்பு அரித்த ஊசித்துளை. நாலாவது ஏர் டேங்க் தண்ணீர். கம்பிரஸர் உறிஞ்சும் காற்றோடு ஈரம் போய் டேங்க்கில் தண்ணீராகத் தேங்கும். நாள்தோறும் அடியில் உள்ள வால்வைத் திறந்து வெளியேற்ற வேண்டும். பழைய டிரைவர்கள் காலையில் வண்டியைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு அதைச் செய்வார்கள். இப்போது யாரும் செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். செய்யாத வண்டியின் டேங்க்கைத் திறந்தால் மோர் மாதிரி ஒரு திரவம் கொட்டும், ஆயிலும் தண்ணீரும் துருவும் கலந்தது. அந்த மோர் வால்வுகளுக்குள் போன பிறகு பிரேக் ‘திடீரென்று’ பிடிக்காமல் போகிறது.

புது வண்டியில் இந்தக் கவலைகளில் சில குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2015க்குப் பிறகு வந்த கனரக லாரிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறது, ஈர ரோட்டில் அதன் அருமை தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சித்திரை வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தவன் பிள்ளை நான், அதை எதிர்ப்பேனா? ஆனால் ‘புதுசு வாங்கினால் தொல்லை தீர்ந்தது’ என்பது விற்கிறவர்கள் பேச்சு.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்-6 விதிக்கு ஏற்ற லாரியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துக் கொள்ள வேண்டும். எரிய, புகை நன்றாகச் சூடாக வேண்டும். சூடாக, வண்டி நெடுஞ்சாலையில் விரட்டி ஓட வேண்டும். கேட்டில் இரண்டு மணி நேரம் உறுமிக்கொண்டு நின்று, நாலு கிலோமீட்டர் ஓடி, மறுபடி நிற்கும் வண்டியில் அது எரியாது, அடைக்கும். அடைத்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். அதோடு யூரியா கரைசல், அதற்கொரு சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கனெக்டர், கனெக்டருக்குள் செம்புப் பின். உப்புக்காற்றுக்குச் செம்புப் பின்னைவிடப் பிடித்த பண்டம் கிடையாது. தூர ஓட்டத்துக்கு அந்த வண்டி அருமையானது. எந்த வேலைக்குப் பழைய லாரியை ஒழிக்கச் சொல்கிறார்களோ, அந்தத் துறைமுக வேலைதான் அதற்கு ஒத்துக்கொள்ளாதது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். லாரிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. பழைய மைக்கோ பம்பு வண்டி தண்ணீரில் நின்றால் வைத்தியம் கை வைத்தியம்தான்: டீசல் டேங்க்கை வடித்து, ஃபில்டர் மாற்றி, பால் மாதிரி ஆன ஆயிலை இரண்டு தடவை மாற்றி, கையால் பம்பு அடித்து ஏர் எடுத்துவிட்டுக் கிளப்பலாம். எலக்ட்ரானிக் பெட்டிக்குள் தண்ணீர் போன வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பழைய வண்டிக்காரர்களும் புத்திசாலிகளாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. எஞ்சின் கிளம்பியதே போதும் என்று வீல் ஹப்பைத் திறக்காமல் விட்டவர்கள் உண்டு. உள்ளே கிரீஸ் தண்ணீரோடு குழம்பிக் கிடக்கும். சில மாதம் கழித்துப் பேரிங் கருகி வீல் இறுகும். அதற்கும் அப்போது சொல்வார்கள், வயசான வண்டி என்று.

ரோட்டோர மெக்கானிக்கைப் பற்றியும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அவரைப் பழிப்பதில்தான் பழைய லாரியை எதிர்க்கும் கூட்டத்துக்கு ருசி அதிகம். ஒரு எஞ்சின் கருப்புப் புகை விட்டால் நாசிலா, ஏர் ஃபில்டரா, பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்களா என்றும், நீலம் என்றால் ரிங்கா வால்வு கைடா என்றும், வெள்ளை என்றால் கேஸ்கெட்டா என்றும் மூக்கால் பிரித்துச் சொல்லும் ஆட்கள் எட்டயபுரம் ரோட்டில் இன்னும் இருக்கிறார்கள். அந்த எஞ்சின்களே பிரித்துக் கோப்பதற்காகச் செய்யப்பட்டவை. தேய்ந்த கிராங்க்கை லேத்தில் கொடுத்துக் கிரைண்டிங் பண்ணி, பத்து, இருபது, முப்பது என்று அங்குலத்தில் ஆயிரத்தில் பங்கு கணக்குப்படி கனம் கூடின பேரிங் போடலாம். லைனர், பிஸ்டன் மாற்றலாம். நன்றாகச் செய்த எஞ்சின் வேலைக்குப் பிறகு அதன் வயதைக் கேட்பது அர்த்தமில்லாத கேள்வி.

மோசமானவர்களும் உண்டு. ஒடிந்த பட்டையை வெல்டு வைத்துக் கொடுக்கிறவனை நான் மெக்கானிக் என்றே சொல்லமாட்டேன். ஸ்பிரிங் இரும்பு வெல்டு சூட்டில் முறுகிப்போய், அடுத்த பள்ளத்தில் வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒடியும். கிங் பின் ஆட்டத்தை மறைக்க டின் தகட்டைச் செருகுகிறவனும் அப்படியே. ஸ்டியரிங்கில் வைத்தியம் பண்ணக் கூடாது, மாற்ற வேண்டும். ஆனால் அந்த வெல்டை வைக்கச் சொன்னது யார்? வாடகைப் பணம் ரெண்டு மாதம் கழித்து வரும், தவணை மட்டும் ஐந்தாம் தேதி போக வேண்டும் என்ற நிலையில் ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு நிற்கும் ஓனர். “இந்த டிரிப் மட்டும் போயிட்டு வரட்டும்ணே, அப்புறம் மாத்திக்கலாம்.” பட்டறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. அப்பா வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

புகைக்கு வருகிறேன் என்றேன். அதில் எதிர்த்தரப்பு சொல்வது சரி. 2000இல் வந்த விதிப்படி பெரிய டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 0.36 கிராம் கரித்தூள் விடலாம், பி.எஸ்-6இல் 0.01 கிராம். எந்த மேஸ்திரியும் நாசில் மாற்றி, பம்பைச் சரிபார்த்து இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. தெருவில் படரும் கருப்புப் புகையில் பாதி பராமரிப்பின்மையும் ஓவர்லோடும்தான் என்றாலும், மீதிப் பாதி எஞ்சினின் பிறவிக்குணம். முத்தையாபுரத்தில் ரோட்டோரம் குடியிருக்கிறவர்கள் அதைச் சுவாசிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. புகைக்காக மாற்ற வேண்டும் என்றால் புகைக்காக என்று சொல்லுங்கள், மாற்றுகிறவனுக்குக் கடன் கொடுங்கள், ஊருக்குள் ஓடும் வண்டியிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பக்கத்தில் பிரேக்கையும் பட்டையையும் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

ஆனால் அரசு செய்தது என்ன? 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய கனரக வண்டியின் எஃப்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 12,500 ரூபாய் என்று அறிவித்தது. முன்பு இருந்ததைப்போலப் பல மடங்கு. கட்டணம் கூடியதால் ஒரு டிரம்மாவது திறக்கப்பட்டதா? அந்தப் பணத்தில் ஒரு ஆக்ஸிலுக்கு லைனிங் போட்டு, புஷ் மாற்றி, டயாஃப்ரம் மாற்றியிருக்கலாம். ஒற்றை வண்டிக்காரர் சட்டைப்பையில் இருப்பது ஒரே பணம். அதைக் கவுண்டரில் கட்டினால் பட்டறைக்குக் கிடையாது. இரும்பை அளக்காமல் வயதுக்கு அபராதம் போட்டால் வண்டி முன்னைவிட மோசமாகத்தான் ரோட்டுக்கு வரும்.

அளப்பதற்கு நான் எதிரி இல்லை. தானியங்கிச் சோதனை நிலையம் வருகிறது என்றதும் பட்டறைகளில் முணுமுணுப்பு. எனக்கு அது வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி நாலு அடி ஓட்டி மிதித்துப் பார்ப்பதைவிட, உருளை மேல் நிறுத்தி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணில் காட்டும் இயந்திரம் நல்லது. அது பொய் சொல்லாது, டீக்குக் காசு கேட்காது. இந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பலை எப்படிப் பார்க்கிறார்கள்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய சர்வே. மேல்தட்டிலும் தொட்டிச் சுவரிலும் கருவி வைத்து இரும்புத் தகட்டின் கனத்தை அளக்கிறார்கள், எவ்வளவு கரைந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். 2023இல் கப்பலுக்கும் வயது வரம்பு சொல்லி ஓர் ஆணை வந்தது உண்மைதான். அதற்காகத் தகட்டை அளப்பது நிற்கவில்லை. லாரியில் பிறந்ததிலிருந்து மாற்றப்படாத பாகம் என்று சொல்லக்கூடியது சேசிஸ் ஒன்றுதான். அதைத் தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, ரிவிட் வரிசையில் வீக்கம் பார்த்து, கரைந்துவிட்டது என்றால் எட்டு வயதானாலும் உடையுங்கள். நானே வந்து சுத்தியல் எடுத்துக் கொடுக்கிறேன்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. நடந்த காலத்தில் சிப்பிக்கு வயது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் குளிப்பு அறிவிக்கமாட்டார்கள். தொல்லாயிரம் பார் போன்ற கடலடி முத்துப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, திறந்து கழுவி, முத்தை மதிப்பிட்டு, அதற்குப் பிறகே நாள் குறிப்பார்கள். வயது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் திறந்து பார்த்தார்கள்.

அந்த முள்ளக்காட்டு லாரிக்குப் புதுப் பட்டை மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. மற்றப் பட்டைகளையும் பிரித்துத் தேய்த்துவிடலாமே என்று கேட்டேன். மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் போனைப் பார்த்தார். ஓனர் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். வாட்டர் சர்வீஸாவது பண்ணிவிட்டுப் போகச் சொன்னேன். மெக்கானிக் சிரித்தார். “இங்க எந்த சர்வீஸ் ஸ்டேஷன்ல அண்ணாச்சி நல்ல தண்ணி இருக்கு? எல்லாம் போர் தண்ணி. வாயில வச்சிப் பாருங்க, கரிக்கும். வல்லநாட்டுத் தண்ணி நமக்கே குடிக்கப் பத்தல, லாரிக்கு எங்க?” சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார். ஒடிந்த பட்டையின் இரண்டு துண்டையும் டிரைவர் கேபினுக்குள் போட்டுக்கொண்டார், ஓனரிடம் காட்டுவதற்கு. லாரி திரும்பி அளத்துப் பக்கமே போனது.